ஒரு சொல்லும் இரு சகோதரரும்

சொல் தவறினால் பொருள் தவறும் என்று வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லி வந்தோம். பொருள் தவறினால் உறவும் முறியும் என்பதை மட்டும் நம் சொந்தப் பிழையின் வாயிலாகவே கற்க நேர்ந்தது. அதனைக் கற்பித்தது அரிய சொல் எதுவுமன்று. நாம் எல்லோரும் அன்றாடம் வழங்கும் 'ஏற்ற இறக்கம்' என்னும் எளிய சொல்லே. தங்கத்தின் விலையில் ஏற்ற இறக்கம் என்கிறோம். நோயாளியின் இரத்த அழுத்தத்தில் ஏற்ற இறக்கம் என்கிறார் மருத்துவர். தெரிந்த சொல்தானே என்ற அலட்சியமே எழுதுவோனுக்குப் பெரும் பகை என்பதை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறோம்.

நமதூர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். 1998 ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், சகோதரர் இருவர் நம் இல்லம் வந்தனர். மூத்தவர் கருவாட்டு வியாபாரத்தில் இளமை முதலே ஊறியவர். இளையவர் வளைகுடா நாட்டில் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து மூன்று இலட்சம் ரூபாய் சேர்த்திருந்தார். அந்தப் பணத்தை முதலாக வைத்துச் சொந்தமாக மண்டி தொடங்குவதென்று இருவரும் முடிவு செய்திருந்தனர். முதல் தம்பியுடையது, உழைப்பு அண்ணனுடையது, இலாபம் சரிபாதி. மார்க்கச் சட்டத்தில் 'முளாரபா' என்று வழங்கும் கூட்டு முறைதான் அது.

"வாத்தியார் காக்கா, நல்ல தமிழில் ஒரு எழுத்து எழுதிக் குடுங்க" என்றார் மூத்தவர். நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வந்தோம். அவற்றுள் ஒன்று: மாதந்தோறும் இரு வீட்டாரும் செலவுக்கென்று வரவிருக்கும் இலாபத்திலிருந்து முன்பணம் எடுத்துக்கொள்வர், ஒரு வீட்டார் கூடவும் மற்ற வீட்டார் குறையவும் எடுத்திருந்தால், கல்லாவைக் கையில் வைத்திருக்கும் அண்ணன் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அந்த வேறுபாட்டைச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும். இருவரும் வாய்மொழியாகச் சொன்னது இவ்வளவே.

இதனை எழுத முற்பட்டபோது, 'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லே முதலில் நம் எழுதுகோலில் வந்தது. எழுதியும் விட்டோம். பின்னர் அதனைப் பார்க்கையில் மனம் ஒப்பவில்லை. சாதி ஏற்றத்தாழ்வு, செல்வ ஏற்றத்தாழ்வு என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுக் கசந்த சொல் அது. ஒருவன் மேல், மற்றவன் கீழ் என்னும் வாடை வீசும் சொல். ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர் கூடி வாழப்போகும் பத்திரத்தில் அச்சொல் எதற்கு என்று எண்ணி அடித்துவிட்டு, 'மாத வரும்படியில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தை ஆண்டு முடிவில் மூத்தவர் ஈடுசெய்து தருவார்' என்று எழுதினோம். படித்துக் காட்டினோம். இருவரும் தலையசைத்தனர். இரு சாட்சிகள் கையொப்பமிட்டனர். துஆ ஓதித் தேநீர் பருகிக் கலைந்தோம்.

ஏழாண்டுக் காலம் அந்தக் காகிதத்தை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. சில மாதங்களில் சரக்கு குவிந்தது. சில மாதங்களில் கூடை காய்ந்தது. 2001 ஆம் ஆண்டு முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் நடுவிலிருந்து 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற தடை வந்தது. பிற்காலத்தில், 2017 இல், அது 61 நாட்களாக நீண்டது. அந்த இடைவெளியையும் மூத்தவர் முன்கூட்டியே சரக்குச் சேர்த்துச் சமாளித்தார். ஆண்டுதோறும் இலாபம் இருந்தது. இருந்ததால் பாதிப் பங்கு தம்பி வீட்டுக்குத் தவறாமல் சென்றது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நமதூருக்கு அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால், கடலில் மாண்டோரின் உடலை மீன்கள் தின்றிருக்கும் என்ற அச்சம் உள்நாட்டு ஊர்களெங்கும் பரவி, வாரக்கணக்கில் மக்கள் மீனைத் தொட மறுத்தனர். கருவாட்டுக்கும் அதே கதிதான். கிடங்கில் தேங்கிய சரக்கில் புழு வைத்தது. கடனுக்குச் சரக்கு வாங்கிச் சென்ற உள்ளூர்க் கடைக்காரர்கள் கைவிரித்தனர். அவ்வாண்டுக் கணக்கை முடித்தபோது, இலாபம் இல்லாதது மட்டுமன்று, மூன்று இலட்சம் முதலில் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது.

விடுப்பில் வந்த இளையவர் பெட்டியிலிருந்து அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு நேராக நம்மிடம் வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் நம்மை அதிகம் கலங்கவைத்தது.

"எழுதினது நீங்கதான், வாத்தியார் காக்கா. வரும்படியில உண்டாகுற ஏற்ற இறக்கத்தை மூத்தவர் ஈடுசெய்வார்னு எழுதியிருக்கீங்க. ஏறும்போது பாதி எடுத்துக்கிட்டாங்க. இறங்கும்போது ஈடு குடுக்க வேணாமா?"

மறுநாள் மூத்தவர் வந்தார். "நான் சொன்னதும் அது இல்லை, நீங்க வாசிச்சப்ப எனக்கு வெளங்குனதும் அது இல்லை, காக்கா. தம்பி கேக்குற மாதிரி குடுக்கணும்னா, உம்மா விட்டுட்டுப் போன வீட்டுல என் பங்கைத்தான் விக்கணும்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தில் விசாரிப்பதென்று முடிவாயிற்று. எழுதியவன் என்ற முறையில் நாமும் வரவேண்டும். அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று சபையில் சொல்லவும் வேண்டும்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தச் சொல்லை எவ்வாறேனும் வளைத்து மூத்தவரையும் நம் புலமையையும் ஒருங்கே காப்பாற்றிவிட முடியுமா என்றே முதலில் தேடினோம். ஏற்றம் என்றால் கூடுதல், இறக்கம் என்றால் குறைதல். ஒரு வீட்டார் கூட எடுத்ததும் மற்ற வீட்டார் குறைய எடுத்ததும் ஏற்ற இறக்கம்தானே என்று வாதிடலாமா? அகராதிகளைப் புரட்டினோம். வழக்கில் உள்ள தொடர்களையெல்லாம் தாளில் எழுதி வரிசைப்படுத்தினோம். விடியும் முன்னர் ஒன்று தெளிவாயிற்று. ஏற்றத்தாழ்வு என்பது ஒரே வேளையில் இரு பொருள்களுக்கு இடையே காணப்படும் வேறுபாடு. ஏற்ற இறக்கம் என்பது ஒரே பொருளில் பல வேளைகளில் காணப்படும் மாறுபாடு. இவ்வூர்ச் சந்தையில் அரிசி விலை அதிகம், அவ்வூர்ச் சந்தையில் குறைவு என்றால் அது ஏற்றத்தாழ்வு. ஒரே சந்தையில் திங்களன்று கூடிப் புதனன்று குறைந்து வெள்ளியன்று மீண்டும் கூடினால் அது ஏற்ற இறக்கம். முன்னதற்கு இரண்டு வேண்டும். பின்னதற்கு ஒன்றும் அது கடந்து செல்லும் காலமும் வேண்டும். நாம் எழுதிய வாசகத்தில் இருந்தது ஒரே பொருள், வரும்படி. ஆகவே தம்பி கொண்ட பொருளே சொல்லின் நேர்ப்பொருள்.

அவ்வளவோடு நிற்கவும் இயலவில்லை. எல்லா மாற்றத்தையும் ஏற்ற இறக்கம் என்று சொல்லிவிட முடியாது. பிறை வளர்கிறது, தேய்கிறது. அதனை ஏற்ற இறக்கம் என்று எவரும் கூறார். அதற்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நம்பியே நம் நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் நிற்கின்றன. கடல் ஓதம் பெருகுவதும் வற்றுவதும் அவ்வாறே கணக்குக்கு உட்பட்டவை. மீன்பிடித் தடைக் காலத்தில் வரும்படி குறைவதும் நாள் குறித்து வரும் குறைவே. மறுபுறம், 1966 ஜூன் 6 அன்று அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்து, 4.76 ரூபாயாக இருந்த டாலரை 7.50 ஆக்கியதே, அதுவும் ஏற்ற இறக்கமன்று. ஓர் ஆணையால் ஒரே நாளில் நிகழ்ந்த இறக்கம் அது. 1993 இல் ரூபாயின் மாற்று மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்ட பின்னர் அது நாள்தோறும் சிறிது கூடியும் குறைந்தும் வருகிறதே, அதுதான் ஏற்ற இறக்கம். போய் வரும் தன்மை இருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்ற ஒழுங்கு இருத்தல் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் இச்சொல் பொருந்தும்.

உறவுச் சொற்களையும் எடுத்துப் பார்த்தோம். 'தடுமாற்றம்' என்பதில் கால் இடறும் குறிப்பு இருக்கிறது. தவறு செய்தவனைச் சுட்டும் சொல் அது. 'ஊசலாட்டம்' இரு முனைகளுக்கு நடுவே ஆடுவது. முடிவெடுக்க இயலாத மனத்துக்குப் பொருந்துமேயன்றிச் சந்தை விலைக்கு முழுதும் பொருந்தாது. இலங்கைத் தமிழர் பொருளியல் நூல்களில் 'விலைத் தளம்பல்' என்று எழுதுவர். நிரம்பாத குடத்து நீர் நடைக்கேற்ப அசைவதைக் கண்முன் நிறுத்தும் அழகிய சொல். 'அலைபாய்தல்' என்பதோ கடலிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஃப்ளக்சுவேஷன் என்ற சொல்லும் அலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழியினரும் ஒழுங்கற்ற மாற்றத்துக்குப் பெயர் தேடியபோது கடலையே நோக்கினர் போலும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நாம், அந்த அலையைப் பத்திரத்தில் எழுதிவைத்து, அதற்கு ஒரு மனிதனை ஈடு வைத்துவிட்டோம்!

ஒழுங்கற்ற ஒன்றின்மேல் உறுதியான வாக்கை ஏற்றி வைப்பவர் என்னாவார் என்பதற்கு நம் கடலே சான்று வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் சில ஆண்டுகள் அள்ளித் தரும். பின்னர்ப் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடக்கும். கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் முக்குளிப்போருக்கு இது தெரியும். 1905 இல் இலங்கைப் பக்கத்துப் பார்களில் மிகப்பெரும் விளைச்சல் கண்டது. அந்தக் காட்சியில் மயங்கிய ஓர் ஆங்கிலேயக் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் நிலையான குத்தகையாகச் செலுத்துவதாக ஒப்பி, 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு அப்பார்களை எடுத்துக்கொண்டது. 1907 க்குப் பின் பார்கள் ஓய்ந்தன. 1925 வரை அங்கே மீண்டும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்து போயிற்று. குத்தகைத் தொகை நிலையாக இருந்தது. சிப்பிதான் நிலையாக இல்லை. அக்கம்பெனி அறிந்தே இட்ட கையொப்பத்தை, நம் ஊர் மூத்தவர் அறியாமலே நம் சொல்லை நம்பி இட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதரஸாக் கூடத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் அமர்ந்திருந்தனர். சகோதரர் இருவரும் எதிரெதிர்ச் சுவரோரம் இருந்தனர். ஆலிம் அவர்கள் எழுத்தை வாங்கிப் படித்துவிட்டு, "வாத்தியார், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கணத்தில் நம் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்கிற்று என்பதை அல்லாஹ்வே அறிவான். மூத்தவரின் கண்கள் நம்மேலேயே இருந்தன. நாம் சொல்லப்போகும் விளக்கத்தில் அவருடைய வீட்டுப் பங்கு தொங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் சொன்னோம்: "எழுதியிருக்கும் சொல்லுக்குத் தம்பி கொண்ட பொருளே பொருள். ஆனால், அன்று இருவரும் வாயால் சொன்னது அதுவன்று; இரு வீட்டாரும் எடுக்கும் முன்பணத்தின் வேறுபாட்டைத்தான் சொன்னார்கள். அதற்கு ஏற்றத்தாழ்வு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதி, அடித்து, மாற்றியவன் நான். பிழை என்னுடையது."

கூடத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஆலிம் அவர்கள் சொன்னார்கள்: "எந்தப் பொருளைக் கொண்டாலும் தம்பி கேட்பது கிடைக்காது. முளாரபாவில் முதல் போட்டவருக்கு இவ்வளவு வரும் என்று உழைப்பவர் பொறுப்பேற்க மார்க்கம் இடம் தரவில்லை. உழைத்தவர் வேண்டுமென்றே கெடுத்திருந்தால், வரம்பு மீறியிருந்தால், அது வேறு. இல்லையென்றால் பண நட்டம் பணம் போட்டவருக்கு; உழைத்தவருக்கு உழைப்பு நட்டம்."

"அப்ப எழுத்துக்கு மதிப்பே இல்லையா, ஹஜ்ரத்?" என்று கேட்டார் இளையவர்.

அதற்கு ஆலிம் அவர்கள், திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியதுதான் என்றும், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனமான அதில் கடன் வாங்கியவருக்கும் சாட்சிகளுக்கும் மட்டுமின்றி எழுதுபவருக்கும் நீதியாக எழுத வேண்டுமென்ற கடமை சொல்லப்பட்டிருக்கிறது என்றும் எடுத்துரைத்தார்கள். நம் பக்கம் திரும்பாமலேதான் சொன்னார்கள். திரும்பாதது அவர்களுடைய பெருந்தன்மை.

இளையவர் தீர்ப்பை ஏற்றார். மூத்தவரின் வீடு தப்பியது. ஆனால், மண்டி நிலைக்கவில்லை. எஞ்சிய முதலைப் பிரித்துக்கொண்டு இளையவர் மீண்டும் விமானம் ஏறினார். மூத்தவர் வேறொருவர் கடையில் கணக்குப் பிள்ளையானார். பெருநாள் தொழுகையில் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். மணவீடுகளில் ஒரே வரிசையில் உண்பார்கள். அதற்குமேல் இல்லை. பணத்தில் வந்த இறக்கம் ஒரு தீர்ப்பில் முடிந்தது. மனத்தில் வந்த இறக்கம் முடியவில்லை.

பின்னாளில் அரபு கற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தியபோது அவர் ஒரு செய்தி கூறினார். அரபு நாளேடுகளில் விலைகளின் ஏற்ற இறக்கத்தைத் 'தகல்லுப்' என்ற சொல்லால் எழுதுகிறார்களாம். காஃப், லாம், பா என்னும் மூன்று எழுத்துகள் அதன் வேர். புரளுதல், திரும்புதல் என்பது அதன் பொருள். நாம் இல்லங்களில் உள்ளத்தைக் 'கல்பு' என்கிறோமே, அச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். உள்ளங்களைப் புரட்டுபவனை அழைத்து, எம் உள்ளத்தை நிலைப்படுத்துவாயாக என்று வேண்டும் துஆவை நம் பெரியவர்கள் ஓதக் கேட்டே வளர்ந்தோம். ஆயினும், சந்தையின் விலையும் மனிதனின் உள்ளமும் ஒரே வேர்ச்சொல்லில் நிற்கின்றன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். கீழே புரண்ட விலை மேலே புரளும் என்று வியாபாரி காத்திருக்கிறான். புரண்ட உள்ளமும் ஒருநாள் திரும்பும் என்று காத்திருக்க நமக்கு மட்டும் பொறுமை ஏன் இல்லை என்று நண்பர் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

2011 இல் மூத்தவர் மர்ஹூமானார். இளையவர் செய்தி கேட்டுப் புறப்பட்டு வந்தும் ஜனாஸாவுக்கு வந்துசேர முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை நம் இல்லம் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடிப்புகளில் கிழிந்த அந்தப் பழைய எழுத்தை எடுத்து நம் முன் வைத்தார்.

"இதைத் திருத்திக் குடுங்க, காக்கா."

"இனி எதற்கு, தம்பி?" என்றோம்.

"காக்கா சொன்னது எதுவோ அது இதுல இருக்கணும். என் பிள்ளைங்க நாளைக்கு எடுத்துப் பாத்தா, பெரிய வாப்பா வாக்குத் தவறுனவர்னு நெனைச்சிடக் கூடாது."

'ஏற்ற இறக்கத்தை' என்பதை அடித்தோம். அதன்மேல், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேண்டாமென்று ஒதுக்கிய கசப்பான சொல்லை வைத்து, 'இரு வீட்டாரும் எடுக்கும் முன்பணத்தில் உண்டாகும் ஏற்றத்தாழ்வை' என்று எழுதினோம். ஓரத்தில், 'எழுதியவரின் பிழை. சகோதரர்கள் எவருடையதும் அன்று' என்று குறித்துத் தேதியிட்டுக் கையொப்பமிட்டோம். அவர் அதை இருமுறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். பின்னர் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிச் சென்றார்.

பத்திரம் எழுதித் தரும்படி இன்றும் சிலர் நம்மிடம் வருகின்றனர். எழுதியதைப் படித்துக் காட்டித் தலையசைப்பைப் பெறுவதோடு நாம் இப்போது விடுவதில்லை. "இப்போது நான் எழுதியது என்னவென்று நீங்கள் உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கிறோம். இருவரும் ஒன்றையே சொன்னால் மட்டும் கையொப்பம். கேட்பவர்கள் சற்றுச் சலிப்படைகிறார்கள். இந்தச் சலிப்பை அன்று இரு சகோதரருக்கும் ஒரு நாழிகை கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வருகிறது. பங்கு வியாபாரமோ பாகப் பிரிவினையோ எழுதப் புகும் அன்பர்கள், அழகிய சொல்லைத் தேடும் முன்பு சரியான சொல்லைத் தேடுவார்களாக. அது கசந்தாலும் அதையே எழுதுவார்களாக.